முப்பிடாதி உணர்ந்த இரண்டு கால்கள்

கபடியில் குதிகால் தசைநார் அறுந்த முப்பிடாதிக்குத் தென்காசி மருத்துவர் ஒரு பட்டையைக் கட்டினார். சிகிச்சை முடிந்து ஆறியபின் கால் எப்படியிருக்கும் என்று அது முன்கூட்டியே உணரவைக்கும்.

அறுவைக்கு இரண்டு வழி இருந்தது; இரண்டையும் பட்டையில் உணர்ந்து பார்த்தாள். சின்னக் கீறல் என்றால் மூன்று மாதத்தில் ஓடலாம், மாநில அணித் தேர்வுக்கும் போகலாம். ஆனால் பாதத்தின் ஓரம் மரத்திருந்தது. பெரிய கீறலுக்கு நீளத் தழும்பு, ஆற ஒரு வருடம். ஆனால் அதில் பாதம் முழுக்க உணர்ச்சி இருந்தது.

"சின்னதே போதும்ட்டி. இந்த வருசம் விட்டா வயசு ஏறிரும்லா," என்றான் கணவன் ஆவுடையப்பன்.

"கோட்டத் தொட்டேனா இல்லையான்னு கால்தான் எனக்குச் சொல்லும். அது மரத்துப்போனா நான் எப்படி ஆட?"

பெரிய கீறலுக்கே கையெழுத்திட்டாள்.

தேர்வு நாளில் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்து, தன் இடத்தில் இறங்கிய பெண்ணுக்காகக் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.