வரலாற்று வகுப்பின் கடைசி விதி

உலக வரலாற்று வகுப்பின் விதிகளை ஒப்புக்கொண்டு, பொய்யைக் கண்டுபிடிக்கும் திரையில் அம்மா விரல் வைக்க இன்னும் இரண்டு மணி நேரமே இருந்தது. தவறினால் மருதினியை அரசு விடுதிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். எதிர்வீட்டு வானதி அப்படிப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை.

'பாடத்தில் இல்லாத எதையும் என் பிள்ளைக்கு நான் சொல்லித்தரவில்லை' என்பது கடைசி விதி. அம்மா விரலை வைத்தாள். பொய் என்று திரை சிவந்தது.

"கை வேர்த்திருக்கும்மா. தொடச்சிட்டு வை."

துடைத்து வைத்தும் சிவந்தது.

"ஒரு கதைகூட நீ சொன்னதில்லயேம்மா. அப்படி எதைத்தான் சொல்லிக்குடுத்த?"

அம்மா எழுந்து சன்னலைச் சாத்தினாள்.

"உன் பேரை," என்றாள். "அது நான் பொறந்த ஊரோட பேரு. ஒரே ராத்திரியில அங்க எல்லாரையும் கொன்னுட்டாங்க."