வாசலை அடைத்த தலை

எறும்புப் படையில் பெருந்தலையனைப் போல வீரம் பேச ஆளே கிடையாது. ஒருநாள் அடைமழையில் வெள்ளம் புற்றை நெருங்கியது.

"ஒருத்தர் வெளியே நின்று வாசலை மண்ணால் அடைக்கணும். போனவர் திரும்ப முடியாது," என்றார் தளபதி.

எல்லோரும் பெருந்தலையனைப் பார்த்தார்கள். யாரைப் பார்க்கிறார்கள் என்று அவன் தன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கால்வலி," என்றான்.

"ஆறில் எந்தக் கால்?"

அவன் யோசிப்பதற்குள் குட்டையன் என்ற சின்னச் சிப்பாய் வெளியே போய் மண்ணைத் தள்ளத் தொடங்கிவிட்டான். மண் போதவில்லை. மிச்சமிருந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"அண்ணே, எதையாவது வெச்சு அடைங்க!" என்று கத்தினான் குட்டையன்.

பெருந்தலையனுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. 'இத்தனை நாள் வீரம் பேச மட்டும்தான் உதவிச்சு இந்தத் தலை' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டைக்குள் தலையைச் செருகினான். வெள்ளம் முகத்தில் அறைந்தது. குட்டையனின் கால்கள் வழுக்கின.

"என் மீசையைப் பிடிச்சுக்கோடா, விட்டுடாதே!" என்று அலறினான் பெருந்தலையன்.

மழை ஓய்ந்ததும் தோழர்கள் அவனைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். "நீயல்லவோ வீரன்!"

"மெதுவா இழுங்கப்பா," என்றான் அவன். "வீரன் என் மீசையில தொங்கிட்டிருக்கான்."