புங்கமர நிழல்

கணக்கு ப்ராஜெக்டுக்கு வகுப்பே பித்தாகரஸை எடுத்துத் தெர்மாகோல் வெட்டத் தொடங்கிவிட்டது. எனக்குச் சலித்துப்போனது. செண்பகவல்லி மட்டும், "புங்கமர நிழல், மிஸ்" என்றாள்.

"நிழல்ல என்னடி கணக்கு?"

"பிரேயர்ல சின்னப் பிள்ளைங்க வெயில்ல மயங்கி விழுதுங்க. எல்லாரும் நிழலுக்குள்ள நிக்க முடியுமான்னு பாக்கணும்."

தினமும் பிரேயர் நேரத்தில் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தாள். ஒரு பிள்ளை நிற்க எவ்வளவு இடம் வேண்டுமென்று அளந்து, பெருக்கிப் பார்த்தாள்.

"முடியும் மிஸ்! பிள்ளைங்க எல்லாரும் நிக்கலாம்."

மரத்தடியில், ஆசிரியர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசி வரிசைக்கான கோட்டைக் குனிந்து இழுத்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு நேரான கோட்டை நான் கரும்பலகையில்கூடப் போட்டதில்லை. அது என் செருப்பில் முட்டி நின்றது.

அவள் நிமிர்ந்தாள். "மிஸ், நீங்க மட்டும் கொஞ்சம் வெயிலுக்கு வரணும்."