வெளியூர் ஆஸ்பத்திரி

தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டான் மகன். தெரிந்தவர் எவராவது பார்த்துத் தொலைத்தால் மானம் கப்பலேறிவிடும்.

வழுவழுவென்ற அந்தத் தரையில் அவனுடைய தேய்ந்த செருப்பு வழுக்கியது. விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பக்கத்து நாற்காலிக்காரரைத் திருட்டு முழியோடு ஒரு தரம் பார்த்துவிட்டு, 'விவசாயம்' என்று கிறுக்கினான்.

முகவரியைப் படித்த வரவேற்புப் பெண் குரலைத் தணித்தாள். "தப்பா நினைக்காதீங்க சார். இங்க செலவு ரொம்ப ஜாஸ்தி. உங்க ஊர்லயே ஏழைங்களுக்குன்னு ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கே? புரை எடுக்க இதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாதே."

"தெரியும்மா" என்றான். காது மடல் சுட்டது.

"நானும் அதைத்தானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றாள் அம்மா, போன வாரம் படி தெரியாமல் உருண்டதில் வீங்கிய கணுக்காலை நீவிக்கொண்டே. "எதிர்வீட்டுக்காரி அங்க பண்ணிக்கிட்டு வந்து, என் சேலையில இருக்கற கறையெல்லாம் எண்ணி எண்ணிச் சொல்றா."

"சும்மா இரும்மா. ஒரே நாள்ல நூறு கண்ணு பண்ற இடம். மத்தவங்களுக்கு அது போதும். உனக்கு வேணாம்."

"ஏன்டா, அவங்கள்லாம் யாருக்கும் அம்மா இல்லையா?"

அம்மாவுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் என்ற பயம் வெட்கத்தை அமுக்கிவிட்டது.

நர்ஸ் சொட்டு மருந்தோடு வந்தாள். அவள் கை நீட்டுவதற்குள் அம்மாவின் கீழிமையை அவனே லாகவமாக இறக்கிப் பிடித்தான். "அடடே, வீட்ல நீங்கதான் மருந்து விடுவீங்களா?" என்று சிரித்தாள் நர்ஸ். அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

உள்ளே பெரிய டாக்டர் கருவியிலிருந்து நிமிர்ந்தார். "நல்லா முத்தியிருக்கு. ஆனா பயப்பட ஒண்ணுமில்ல. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்க ஊர்லயே பண்ணியிருக்கலாமே?"

"அங்க... எல்லாம் மலிவு லென்ஸ், சார். டாக்டருங்களும் வரிசையாப் படுக்கப்போட்டு அவசர அவசரமா முடிச்சுத் தள்ளுவாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் குரலை எங்கேயோ கேட்டவர் போலப் பெரிய டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் எடுங்க."

வேறு வழியில்லாமல் எடுத்தான். பார்த்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"எங்கம்மாவுக்கு அங்க ஆபரேஷன் பண்ணினதே நீங்கதானே, டாக்டர்!"