பண்பாட்டுக்கேற்ற கேள்வி

“ஒரே ஒரு தபா என் பேரைச் சொல்லச் சொல்லுங்க சார். அதுக்குத்தான் பஸ் புடிச்சு இவள இட்டுக்கினு வந்தேன்” என்றார் மேடையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி. திண்டிவனம் கல்யாண மண்டபமே சிரித்தது.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மேடையில் வாழைமரம், மாக்கோலம், குத்துவிளக்கு. பின்னால் ‘நலிந்த பிரிவினருக்கான பண்பாடு சார்ந்த மறதி நோய் முன்திட்டக் கல்வி முதல் முகாம்’ என்று பேனர். கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும் நீளம்.

வெளிநாட்டிலிருந்து வந்த கேள்வித்தாளில் ‘உங்கள் நாட்டு ராணியின் பெயர் என்ன?’ என்று இருந்தது. அதை நம் மண்ணின் பெண்களுக்காக ‘உங்கள் கணவரின் பெயர் என்ன?’ என்று மாற்ற, டாக்டர் அரிபிரசாத் தலைமையில் ஒரு குழு இரண்டு வருடம் கடற்கரை ஓட்டலில் தங்கி யோசித்தது. சென்னையில் குழுவினரின் மனைவிமாரிடம் சோதித்ததில் அத்தனை பேரும் தேறினார்கள்.

நிதியை இன்னும் நீட்டிப்பதா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஷாலினி மேடம் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். போன வாரம் கிராமம் கிராமமாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ‘அம்மா, உங்கள் கணவர் பெயர் ஞாபகம் இருக்கிறதா?’ என்று அலறவிட்டிருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் மேஸ்திரி வந்திருந்தார்.

ஊரில் அவர் எல்லோருக்கும் மேஸ்திரிதான். வாசலில் பதிவு செய்யும்போதும் “மேஸ்திரின்னே போட்டுக்கம்மா” என்றார்.

டாக்டர் மைக்கைத் தையல்நாயகியிடம் நீட்டினார். “இவர் உங்களுக்கு யாரும்மா?”

“வூட்டுக்காரரு.”

“பேரு?”

தையல்நாயகி மயிலம் இருக்கும் திசை பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பாருங்க, பேரைக் கேட்டா சாமி கும்பிடறாங்க. மிடில் ஸ்டேஜ்” என்றார் டாக்டர், ஷாலினி மேடம் பக்கம் திரும்பி. மேடம் வருத்தத்துடன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

“மயிலத்து முருகன்னு தெரியுதுடி” என்றார் மேஸ்திரி. “அவருக்குத்தான் அத்தினி பேரு கீதே. ஆறுமுகமா? கந்தசாமியா? சுப்புராயனா? வாயத் தொறந்து சொல்லேன்.”

“அய்ய, கம்முனு இருய்யா. சபையில மானத்த வாங்கிக்கினு” என்று தையல்நாயகி அவர் தொடையில் இடித்தாள். டாக்டரிடம், “கொஞ்ச நாளா இதே ரோதனைங்க. சோறு போட்டா பேரச் சொல்லு, வெந்நி வச்சா பேரச் சொல்லு. ஒரே பேஜாரு” என்றாள்.

மண்டபம் மறுபடி சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மேஸ்திரியின் தோளில் கை வைத்தார்.

“பெரியவரே, மனசைத் தேத்திக்கோங்க. இன்னைக்கு உங்க பேரு. போகப் போக அவங்க பேரே அவங்களுக்கு மறந்துடும்.”

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. “அப்பாலிக்கா?”

“வீட்டுக்கு வழி மறந்துடும்.”

“அதுக்கு அப்பாலிக்கா சார்?”

“பக்கத்துல இருக்கற ஆளையே மறந்துடும். அதனாலதான் முன்கூட்டியே திட்டம் போடணும்னு சொல்றோம்.”

மேஸ்திரி மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அவள் வெட்கப்பட்டு உதறினாள்.

பின்வரிசையிலிருந்து வடிவு எழுந்தாள். கூட்டேரிப்பட்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள். குரலுக்கு மைக் தேவையில்லை.

“இன்னா டாக்டரே, புருசன் பேர எந்தப் பொம்பள சார் வாயால சொல்லும்? அவரு பேரு முருகன் பேருன்னுதான் அந்தம்மா கையக் காட்டுது. எங்களயுங் கேளு, ஒருத்தியும் சொல்ல மாட்டோம். அப்ப இங்க குந்திக்கினு இருக்கற அத்தினி பேருக்கும் மூள கொழம்பிப்போச்சா?”

பெண்கள் பக்கம் கைதட்டிச் சிரித்தது. ஷாலினி மேடம் கண்ணாடியைக் கழற்றி டாக்டரைப் பார்த்தார்.

டாக்டருக்கு ஒரு நொடி நெற்றி வேர்த்தது. அடுத்த நொடி இரண்டு கைகளையும் விரித்தார். “இதைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்! இதுதான் பண்பாடு! இந்தக் கேள்வியை மறுபடி மாற்ற இன்னும் ஆழமான ஆய்வு தேவை என்பது இன்று நிரூபணமாகிவிட்டது!”

ஷாலினி மேடம் மெல்லத் தலையாட்டினார். நிதி பிழைத்தது. குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“உங்க சம்சாரத்துக்கு ஒண்ணுமே இல்ல பெரியவரே, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. அடுத்தவங்க வரலாம்” என்றார் டாக்டர்.

தையல்நாயகி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கெளம்புய்யா, பஸ்ஸு போயிடப் போவுது.” அவள் படியிறங்கிவிட்டாள். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. எட்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், சார், இப்பிடி அனுப்பிடாதீங்க. நீங்க கொஞ்சம் அதட்டிக் கேட்டா சொல்லிடுவா. வேற யார்கிட்டயும் என்னால கேக்க முடியாது சார்.”

டாக்டர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். “பொண்டாட்டி வாயால பேரைக் கேக்கணும்னு இந்த வயசுல அப்படி என்னய்யா ஆசை?”

மேஸ்திரி, மேடைக்குக் கீழே நின்ற மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஆசை இல்ல சார். எனக்கு மறந்துபோச்சு.”