ஒரேயொரு ஊவி

“இந்தப் பேர் வராதும்மா. எடுத்துடு.”

பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் நீளமாக ஒரு கோடு இழுத்து, தாளை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளினார். உதவி ஆசிரியைக்கு வயிறு எரிந்தது. அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்திரி’ என்று பட்டப்பெயர் சூட்டியவள் அவள்தான். சூட்டியதில் தப்பே இல்லை என்று இன்று உறுதியானது.

மனிதர் எதையும் வெட்டுவார். அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளாகிறது. ஊருக்கெல்லாம் பேர் சொல்கிற ஆள் நீங்களே வைத்துவிடுங்கள் என்று மகளும் மருமகனும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாவமே என்று இவளும் நாற்பது பெயர் எழுதிக் கொடுத்தாள். ஒன்று தெருவுக்கு நாலு இருக்கிறது, ஒன்று வாயில் நுழையவில்லை, ஒன்றின் பொருள் சொதசொத என்று நாற்பதையும் அடித்துவிட்டார்.

அவர்களுடைய வாரப் பத்திரிகையில் ‘பேரும் பொருளும்’ அவளுடைய பகுதி. வாசகர்கள் கேட்டு எழுதும் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மூன்று பதில் போடுவாள். அதற்குக் கத்திரி இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஆதாரமில்லாமல் ஓர் எழுத்து அச்சேறக் கூடாது. குறைந்தது இரண்டு பேருக்காவது அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

இந்த முறை கேட்டவள் எட்டாம் வகுப்புப் பெண். பெயர் ஊவி.

எல்லாப் பிள்ளையும் பிறந்ததும் குவா குவா என்று அழும், இவள் மட்டும் ‘ஊவீ’ என்றாளாம். பஸ் ஓட்டுகிற அப்பா, பிள்ளையே தன் பேரைச் சொல்லிவிட்டது, மாற்ற நாம் யார் என்று அதையே பதிந்துவிட்டார். இப்போது வகுப்பே அவளைப் பார்த்து ரயில் மாதிரி ஊதுகிறதாம். வரும் வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் பெயரின் பொருளைச் சொல்ல வேண்டுமாம்.

‘நீங்க போட்டா அதைக் கொண்டுபோய்க் காட்டுவேன். போடலைன்னா பேரை மாத்திக்கப் போறேன். அம்மா சரின்னுட்டாங்க. அப்பாகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பஸ் கண்ணாடியில என் பேரைத்தான் எழுதி வச்சிருக்கார்’ என்று கடிதம் முடிந்திருந்தது.

அகராதிகளைப் புரட்டோ புரட்டென்று புரட்டினாள். ஊஞ்சல் இருந்தது, ஊதல் இருந்தது, ஊவி இல்லை. வாசகர் பெயர்ப் பதிவேட்டிலும் இல்லை. கடைசியில் மனசு கேட்காமல், ‘விடியலில் முதலில் கூவும் பறவை’ என்று சொந்தமாக ஒரு பொருளைச் செய்து எழுதினாள். அதைத்தான் கத்திரி இப்போது வெட்டியிருந்தார்.

“எந்த அகராதியில இருக்கு இது?”

“இல்லதான் சார். பாவம், சின்னப் பொண்ணு. ஒரு வரிப் பொய்யில யார் குடியும் முழுகிப் போயிடாது.”

“அந்த வகுப்புல ஒரு புள்ள அகராதியைத் திறந்து பாத்துட்டா? இப்ப சிரிக்கிறதைவிட ரெண்டு மடங்கு சிரிப்பாங்க.”

சொன்னதில் நியாயம் இருந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பொருள் வேண்டாம், அப்பா பெயர் வைத்த கதையையாவது போடலாமே என்று கேட்டுப் பார்த்தாள்.

“நல்ல கதைதான். ஆனா ஆள் ஒண்ணே ஒண்ணு.”

“உலகத்துலயே ஒருத்திதான் சார் இருக்கா.”

“அப்ப சட்டப்படி வராது.”

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்குப் போயும் அந்தப் பெண்ணின் முகம் தெரியாமலேயே கண்ணுக்குள் நின்றது. அந்த அப்பா பஸ் கண்ணாடியைச் சுரண்டுகிற காட்சியும் கூடவே வந்து தொல்லை கொடுத்தது.

மறுநாள் புதன்கிழமை, பக்கம் அச்சுக்குப் போகிற நாள். மதியம் அவள் மேசையில் அச்சுக்கு முந்தின படி கிடந்தது. தன் பகுதியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

‘ஊவி. வந்த வழி: பிறந்த குழந்தை தானே சொன்னது, தந்தை கேட்டு எழுதியது. இப்படித் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம்மில் யாருக்கும் கிடைக்கவில்லை. பொருள்: அகராதியில் இல்லை. அகராதிக்காரர்கள் கவனிக்கவும். எத்தனை பேர்: இருவர்.’

படித்ததும் சிரிப்பு வந்தது. கடைசி வார்த்தைக்கு வந்ததும், மாட்டினாரா மனுஷன் என்று அந்தப் படியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு விரைந்தாள்.

“சார், என் பொய்யை வெட்டிட்டு நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்களே. இருவராம். ஆதாரம் எங்க?”

கத்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினார்.

பிறப்புச் சான்றிதழ். முத்திரை மை கூடச் சரியாகக் காயவில்லை. அன்று காலைதான் பதிந்திருந்தார்கள். குழந்தையின் பெயர் ஊவி என்று இருந்தது.

தாயின் பெயர் என்ற இடத்தில் கத்திரியின் மகள் பெயர் இருந்தது.