பாதாம் பால்

அடுத்து அவன்தான்.

ஜூஸ் கடை வாசலில் கொஞ்சம் கூட்டம். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. வகுப்புத் தோழி பெனிட்டா அவன் முழங்கையில் இடித்தாள்.

"போ. சும்மா நடிக்கத்தான செய்யணும்."

நடிக்க வேண்டும். திக்கித் திக்கிப் பேசுகிறவனாக.

ஆங்கில மொழியியல் எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்பீச் தெரபி படிக்கப்போவதாக வகுப்பில் கை தூக்கியவர்கள் அவர்கள் இருவர் மட்டும். சனிக்கிழமை தோறும் பாடம் எடுக்க வரும் தெரபிஸ்ட் ரெஜினா மேடம் அதற்குப் பரிசாகக் கொடுத்த வீட்டுப்பாடம் இது. கடைக்குப் போய், வேண்டுமென்றே திக்கிப் பேசி, எதையாவது வாங்க வேண்டும். தலையைக் குனியக் கூடாது. எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நாளைக்கு உங்ககிட்ட வரப்போற பிள்ளைங்க தெனமும் இப்படித்தான் கடைக்குப் போகுதுங்க. ஒரு தடவ போயிட்டு வாங்க."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அவன் திக்குவான்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்தே. கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது.

ப-தான் அவனுக்குப் பரம விரோதி. பேனா வேண்டுமென்றால் "எழுத ஏதாவது குடேன்" என்பான். பஸ்ஸை வண்டி என்பான். ஊர் பாளையங்கோட்டை. யாராவது கேட்டால் "திருநெல்வேலிதான்" என்று சொல்லித் தப்பித்துவிடுவான். அவன் பெயர் ப-வில் தொடங்கவில்லை. அதற்காகப் பெற்றவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை.

ஆசைப்பட்டது பாதாம் பால். இத்தனை வருடமும் குடித்தது லெமன்.

சளி பிடித்திருந்தாலும் லெமன்.

இத்தனைக்கும் ப எப்படிப் பிறக்கிறது என்று அவனைப்போல் படம் போட்டு விளக்க அந்த வகுப்பில் ஆளில்லை. உதடுகள் மூடும். பின்னால் காற்று சேரும். உதடுகள் திறக்கும். வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலச் சொல்லின் முதல் ப-வுக்குத் தாள் துள்ளும். தமிழ் ப-வுக்குச் சும்மா இருக்கும். எல்லாம் தெரியும். சொல்லிக் காட்டும் வேலையை மட்டும் பெனிட்டாவின் தலையில் கட்டிவிடுவான்.

வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். தன் வாயையே திருத்த முடியவில்லை, இவன் ஊரார் வாயைத் திருத்தப் போகிறானாம். அந்தப் பயத்தில்தான் மூடி மூடி வைத்தான்.

பெனிட்டா தன் முறையை முடித்துவிட்டாள். "மா மா மா மாதுளை" என்று தாளம் தப்பாமல் திக்கினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு அழகாகத் திக்க யாராலும் முடியாது.

கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தம்பிக்கு?"

உதடுகளை மூடினான். காற்று சேர்ந்தது.

உதடுகள் திறக்கவில்லை.

சத்தமே இல்லை. கழுத்து இறுகியது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"பைனாப்பிளா?" கடைக்காரர் உதவிக்கு வந்தார். "பப்பாளியா?"

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் லெமனுக்குத் தாவியிருப்பான். இன்றைக்கு அந்த அவசியமில்லை. இன்றைக்குத் திக்கினால்தான் மார்க்.

இல்லை என்று தலையாட்டினான். முதல்முறையாக, திக்கும்போது எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. பரிதாபமும் இல்லை. எந்த ஜூஸ் என்று தெரியாத முகம், அவ்வளவுதான்.

"ப்... ப்... பா... பாதாம் பால்."

"ஒரு பாதாம் பால்!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இதற்குத்தானா இத்தனை வருடம் லெமன் குடித்தான்?

கால் தரையில் பாவவில்லை. பாளையங்கோட்டை முழுக்க ஒரு சுற்று ஓடி வரலாம் போல இருந்தது.

"ஏ, அச்சு அசலா இருந்துச்சு!" பெனிட்டா துள்ளினாள். "கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிட்டு! எப்படி பண்ணுத? எனக்கும் சொல்லிக்குடு."

பாதாம் பால் வந்தது. சில்லென்று, மஞ்சளாக, அடியில் பருப்புத் துண்டுகளோடு. ஒரே மூச்சில் குடித்தான். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்காரரை நோக்கி நடந்தான்.

"எங்க போற? வேலைதான் முடிஞ்சிட்டுல்லா. வா, கெளம்புவோம்."

திரும்பினான். "இன்னொண்ணு வேணும்" என்ற வாக்கியம் வழக்கம்போல் ஓடி வந்து முன்னால் நின்றது. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற நல்ல வாக்கியம்.

அதை அவன் தொடவில்லை.

"ப்... ப்... ப... பத்தல."

பெனிட்டா கைதட்டிச் சிரித்தாள்.

சிரிப்பு மெல்ல நின்றது. அவன் கழுத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லு," என்றாள்.